உங்களுக்குத் தெரியுமா?

விம்பிள்டன் கோப்பையை வெல்வதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 17 வயதில், மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்!

மார்பின் எடையால் முதுகுவலி. பந்தை விரட்டிப் பிடிப்பதிலும் சிரமம். 2009இல் அறுவை சிகிச்சை. 2017இல் உலகத் தரவரிசையில் முதலிடம். 2018இல் பிரெஞ்சு ஓபன், 2019இல் விம்பிள்டன் பட்டம்.

இந்த அறுவை சிகிச்சை பற்றி இன்னும் சில தகவல்கள்:

● சிகரெட்டுக்குத் தடை. நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். தையல் போட்ட தோலும் மார்புக்காம்பும் ரத்தமின்றிக் கெட்டுப்போகலாம். அதனால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

● ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். எதை, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

● அகற்றிய திசு வழக்கமாகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். வெளியில் தெரியாத புற்றுநோய் சில நேரம் அங்கேதான் பிடிபடுகிறது.

● பிறகு சில வாரங்கள் இரவும் பகலும் இறுக்கமான பிரத்யேக பிரா. தண்ணீர்க் குடம், கைக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது. தழும்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

● தாய்ப்பால் சுரப்பு குறைய வாய்ப்புண்டு. குழந்தை பெறும் எண்ணமிருந்தால், அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.