வெளியே நிற்பவரை எண்ணுவோம்

கனடாவில் ஆங்கிலமொழிச் சட்டபீடங்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்சாட் பரீட்சைப் புள்ளி தேவை. அதற்கான பழைய பயிற்சிப் புத்தகங்கள் எமது வீடுகளில் அண்ணனிடமிருந்து தங்கைக்கு, மாமா வீட்டிலிருந்து சித்தி வீட்டுக்கு எனக் கைமாறுகின்றன. அவற்றில் ஒரு பகுதி 2024 ஆகஸ்ட் முதல் பரீட்சையிலேயே இல்லை என்பதைப் பெற்றோராகிய நாம் முதலில் அறியவேண்டும்.

நீக்கப்பட்டது தர்க்கப் புதிர்ப் பகுதி: நான்கு புதிர்கள், 35 நிமிடம். படம் வரைந்து தீர்க்கும் இப்பகுதி பார்வையற்றோருக்குப் பாதகமானது என்று தொடுக்கப்பட்ட வழக்கு 2019 இல் இணக்கத்தில் முடிந்ததன் விளைவு இது.

ஆனாலும் அதில் வந்த குழுப் புதிரின் சூட்சுமத்தைப் பிள்ளைகள் ஒருமுறை பழகுவது வீண்போகாது. ஓர் உதாரணம் பார்ப்போம்.

அமுதா, பாலன், சிவா, தேவி, ஈசன், மாலா ஆகிய ஆறு பேரில் நால்வரைக் குழுவுக்குத் தெரிய வேண்டும். சிவா சேர்ந்தால் அமுதாவும் சேரவேண்டும். அமுதாவும் பாலனும் ஒன்றாக இருக்க முடியாது. ஈசனும் மாலாவும் ஒன்றாக இருக்க முடியாது.

யார் உள்ளே என்று தேடினால் நேரம் கரையும். வெளியே இருப்பது இரண்டே இடம். அமுதா, பாலன் இருவரில் ஒருவராவது வெளியே. ஈசன், மாலா இருவரிலும் ஒருவராவது வெளியே. இரண்டு இடமும் நிரம்பிவிட்டன. ஆகவே சிவாவும் தேவியும் உள்ளேதான். சிவா உள்ளே என்றால் அமுதாவும் உள்ளே, பாலன் வெளியே. மிஞ்சுவது ஈசனா மாலாவா என்பது மட்டுமே. ஐந்தொகையில் ஒரு பக்கம் பிடிபடாதபோது மறுபக்கத்திலிருந்து வருகிறோமே, அதே முறைதான்.

ஒரு பொறியும் உண்டு. சிவா சேர்ந்தால் அமுதா சேரவேண்டும் என்பதால், அமுதா சேர்ந்தால் சிவா சேரவேண்டும் என்று ஆகாது. அமுதா இல்லையென்றால் சிவாவும் இல்லை என்பதே சரி. இந்தப் பொறி இன்றைய பரீட்சையிலும் இருக்கிறது. புள்ளி கணக்கிடப்படும் மூன்று பகுதிகளில் இரண்டு வாதங்களை ஆராய்பவை. அந்தப் பந்திகளுக்குள் இதே தலைகீழ் வாதம் ஒளிந்திருக்கும்.

ஆகவே பழைய புத்தகத்தை எறிய வேண்டாம். புதிர்களுக்கு ஒரு வார இறுதி போதும். மிச்ச நாட்களை வாதங்களுக்கும் வாசிப்புப் பகுதிக்கும் ஒதுக்கச் சொல்வோம். ஆங்கிலம் தடுமாறினாலும், “வெளியே நிற்பது யார்?” என்று பிள்ளையின் பக்கத்தில் இருந்து கேட்க எம்மாலும் முடியும்.