உதகைப் பந்தயத் திடல்: குதிரையின் கதையும் நிலத்தின் கதையும்

குதிரை என்றதும் திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குதிரை மாளிகைதான். பத்மநாப சுவாமி கோயிலுக்குத் தென்கிழக்கே, நம்ம ஆரியசாலையிலிருந்து சாலைக் கம்போளம் வழியாக நடந்தே போய்விடலாம். சுவாதித் திருநாள் மகாராஜா கட்டுவித்த அந்த அரண்மனையின் இறவாரத்தில் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணச் சொல்வோம். ஆனால் ஓடுகிற குதிரையைப் பார்க்க வேண்டுமானால் கேரளத்தில் இடம் கிடையாது. மைசூர், பெங்களூர், உதகை, கிண்டி என்று வெளியேதான் போக வேண்டியிருந்தது. அவற்றுள் உதகைத் திடலைப் பற்றி எழுத எண்ணுகிறேன். பந்தயத்தின் கதையைக் குதிரையை வைத்துச் சொல்வதுதான் வழக்கம். யான் நிலத்தை வைத்தும் சொல்லப் பார்க்கிறேன். கடை வைத்துப் பிழைப்பவனுக்கு வாடகை, குத்தகை, எல்லைக்கல் இவைதானே சீக்கிரம் புரியும்!

குதிரை நம் நாட்டு விலங்கு அன்று. கப்பலில் வந்த சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொருளோடு புறப்பட்ட மாணிக்கவாசகர் வரலாறும், நரி பரியான கதையும் எல்லோரும் அறிந்தவை. சோழ, பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டி' என்ற பெயரோடு மலைமண்டலத்து வணிகர் சிலர் வருகிறார்கள். மலைமண்டலம் என்பது நாம் இன்று வாழும் இந்தப் பகுதிதான். ஆக, தமிழகத்துக்குக் குதிரை விற்ற வியாபாரிகளுள் ஒரு சாரார் நமக்கு முந்திய அக்கம்பக்கத்தார் என்பது ஈண்டு நினைத்துக்கொள்ளத் தக்கது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இந்த வியாபாரத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்கியும், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லையாம். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர் இங்கே இல்லை. அப்படிப்பட்ட ஆட்கள் இங்கு வராதபடி விற்பவர்களே பார்த்துக்கொண்டார்களாம். சரக்கு செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்பனை! வியாபாரத்தில் இப்படியும் ஒரு புத்தி உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதைப் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன்.

இனி பந்தயத்துக்கு வருவோம். குதிரைப் பந்தயம் இரு வகை. ஒன்று சமதளத்தில் ஓடுவது. நம் நாட்டில் கண்டதெல்லாம் பெரும்பாலும் இதுவே. மற்றொன்று தடை தாண்டி ஓடுவது. இதனை ஆங்கிலேயர் 'ஸ்டீபிள்சேஸ்' என்பர். ஸ்டீபிள் என்றால் தேவாலயத்தின் கூம்புக் கோபுரம். அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் 1752இல் இரண்டு பேர் பந்தயம் கட்டிக்கொண்டு, பட்டவன்ட் ஊர்த் தேவாலயத்திலிருந்து டோனரேல் ஊர்த் தேவாலயம் வரை ஏறக்குறைய நாலரை மைல் குதிரையில் பாய்ந்தார்கள். நடுவில் வழி எதுவும் குறிக்கவில்லை. தூரத்தில் தெரியும் கோபுரத்தை நோக்கி வேலி, வாய்க்கால், கற்சுவர் என்று வந்ததையெல்லாம் தாண்டிப் போக வேண்டியதுதான். பெயர் அதனால் வந்தது.

இந்த வேலிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் கதை ருசிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஊர்ப்பொதுவாகக் கிடந்த மேய்ச்சல் நிலங்களையும் திறந்த வயல்களையும் சட்டம் போட்டுத் தனித்தனி உடைமையாகப் பிரித்தார்கள். பிரித்தவர்கள் எல்லைக்கு உயிர்வேலி நட்டார்கள். அதுவரை வெட்டவெளியில் நரியைத் துரத்திய துரைமார்கள் இனி வேலி தாண்டினால்தான் வேட்டை என்று ஆயிற்று. தாண்டத் தெரிந்த குதிரைக்கு மதிப்பு ஏறியது. தாண்டும் பந்தயம் அங்கே இவ்வாறு வளர்ந்தது. ஏழையின் மாடு மேய்ந்த இடம் போயிற்று. பணக்காரனுக்கு ஒரு விளையாட்டு வந்தது. இது என் அபிப்பிராயம், மாறுபடுவோர் மாறுபடலாம்.

இப்போது இத்தடைகளுக்கு அளவு உண்டு. பிரிட்டனில் சிறிய தடை குறைந்தது மூன்றரை அடி, பெரிய தடை குறைந்தது நாலரை அடி. லிவர்பூல் அருகே எய்ன்ட்ரீயில் நடக்கும் 'கிராண்ட் நேஷனல்' ஓட்டம் நாலேகால் மைலுக்கு மேல், 30 தாண்டல்கள். 1839இல் அங்கே ஓர் ஓடையில் விழுந்த கேப்டன் பெக்கரின் பெயர் இன்றும் அந்தத் தடைக்கு இருக்கிறது. அவர் எழுந்து வந்துவிட்டார். எல்லாக் குதிரைகளும் அப்படி எழுவதில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பந்தயக் குதிரையின் எடை 450 கிலோ முதல் 500 கிலோ வரை இருக்கும். அதைத் தாங்கும் முழங்காலுக்குக் கீழான எலும்பு நம் மணிக்கட்டுப் பருமனுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். தசையும் அங்கே இல்லை. முறிந்தால் கட்டுப் போட்டுப் படுக்க வைக்க முடியாது. நெடுநாள் படுத்தால் நுரையீரலும் குடலும் கெடும். மூன்று காலில் நின்றால், பாரம் ஏறிய மற்றக் குளம்பு அழன்று போகும். ஆகவே கால் முறிந்த குதிரையைப் பெரும்பாலும் அங்கேயே கொன்றுவிடுகிறார்கள். சமதள ஓட்டத்தைவிடத் தாண்டும் ஓட்டத்தில் இத்தகைய சாவு பல மடங்கு. எங்கள் சமயத்தில் மூன்றாம் தீர்த்தங்கரர் சம்பவநாதருக்கு இலாஞ்சனம் குதிரை. அந்தப் பீடத்தைக் கும்பிட்டுப் பழகிய கண்ணுக்கு இந்தக் கணக்கு எளிதில் ஒப்பவில்லை. அந்நாட்டவருக்கே இப்போது உறுத்துகிறது. கிராண்ட் நேஷனலில் 40 குதிரைகள் ஓடிய இடத்தில் 2024 முதல் 34 தான். தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2022இல் தாண்டும் பந்தயத்தைச் சட்டம் போட்டே நிறுத்திவிட்டது.

நம் நாட்டில் இவ்வகைப் பந்தயம் ஆங்காங்கே நடந்தது. கல்கத்தாவில் 1895இல் தொடங்கிய டாலிகஞ்ச் கிளப்பில் இதற்கென்றே திடல் இருந்தது. திப்பு சுல்தான் குடும்பத்தார் வசம் முன்பு இருந்த நிலம் அது. ஆயினும் வேரூன்றவில்லை. தாண்டி இறங்கும் குதிரைக்கு ஈரமும் மென்மையும் உள்ள தரை வேண்டும். ஐரோப்பாவில் குளிர்காலத்து மண் அப்படி. நம் சமவெளியிலோ வெயில் காலத்தில் மண் செங்கல், மழைக்காலத்தில் சேறு.

அப்படியானால் உதகை? அங்கே குளிர் உண்டு, புல் உண்டு, மெத்தென்ற மண்ணும் உண்டு. வேட்டையும் இருந்தது. உதகை வேட்டைக் கழகத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே நாய்க்கூட்டத்தோடு புறப்பட்டு, இங்கிலாந்து நரிக்குப் பதிலாக நம் குள்ளநரியைத் துரத்தினார்கள். சிவப்புக் கோட்டு, ஊதுகொம்பு எல்லாம் அப்படியே. ஆனால் வென்லாக் புல்வெளியில் வேலி எங்கே இருந்தது? அலையலையாய்ப் புல்மேடு, பள்ளத்தில் சோலை, நடுவே சதுப்பு. தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம். தாண்டுவதற்கு ஒன்றுமில்லை. உதகையின் பெயர்பெற்ற பந்தயம் சமதளப் பந்தயமாகவே நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

அந்தத் திடல் உருவான விதம் இன்னும் சுவையானது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார் என்பர். 1823-25 ஆண்டுகளில் அவர் ஓடைகளைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். அந்த ஏரி அன்று இன்றைய அளவு அன்று. கடைவீதிப் பக்கம் வரை நீண்டிருந்தது. பிறகு ஒரு பகுதியைத் தூர்த்தார்கள். 1872 முதல் 1875 வரை சென்னை ஆளுநராயிருந்த ஹோபார்ட் பிரபுவின் பெயரால் அங்கே ஹோபார்ட் பூங்கா அமைந்தது. பந்தயத் திடலும் இன்றைய பேருந்து நிலையமும் அந்தப் பழைய ஏரிப் பரப்பில்தான் இருக்கின்றன. உதகைப் பந்தயத்துக்கு 1886 என்று ஆண்டு சொல்வார்கள். மலை ரயில் உதகைக்கு வந்ததே 1908இல்தான். அதற்கு முன்பே குதிரை வந்துவிட்டது.

யான் அங்கே போனது 1994 மே மாதம். பூண்டு, உருளைக்கிழங்கு வியாபாரமாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் வழக்கம் உண்டு. மண்டி வேலை முடிந்ததும் மலையேறினேன். ஏப்ரல் 14, நம் சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டித் தொடங்கி ஜூன் வரை பந்தயம் நடக்கும் காலம் அது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குதிரைகளை லாரியில் ஏற்றிக் கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து கொண்டுவருவார்கள். கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடிக்கு மேல் காற்றின் கனம் குறைவு. மூச்சு பழகச் சில நாள் ஆகும். ஒன்றரை மைல் சுற்றின் ஒரு பக்கம் பஸ் ஹாரன், மறுபக்கம் ரயில் கூவல், நடுவில் பச்சைப் புல். வேலிக்கு வெளியே சாலையோரம் நின்று மலர்க்கண்காட்சிக்கு வந்த ஜனங்கள் இலவசமாகப் பார்த்தார்கள்.

காலையில் குதிரையை நடத்திக்கொண்டிருந்த ஒரு சைஸிடம், அதாவது குதிரை பராமரிப்பவரிடம், பேச்சுக் கொடுத்தேன். "ஏம்ப்பா, இது வேலி தாண்டுமா?" என்றேன். "தாண்டும் சார், ஆனா தாண்ட விடமாட்டோம். கால் போனா குதிரையே போச்சு. அப்புறம் எனக்கும் வேலை போச்சு" என்றார். மழை தூறியபோது தன் சாக்கைக் குதிரை முதுகில் போட்டுவிட்டு அவர் நனைந்துகொண்டே போனார். ஜாக்கியின் பெயர் பத்திரிகையில் வரும், முதலாளியின் பெயர் கோப்பையில் ஏறும். இவர்கள் பெயர் எங்கும் வருவதில்லை.

பணம் கட்டினேனா என்று வீட்டில் கேட்டார்கள். கட்டவில்லை. திருக்குறளில் சூதுக்கென்று ஓர் அதிகாரம் இருப்பது ஒருபுறம். கணக்கும் இடம் தரவில்லை. 'டோட்' என்னும் முறை 1860களில் பாரிஸில் ஜோசப் ஓலர் கண்டது. எல்லோரும் கட்டும் பணத்தை ஒரே குவியலாக்கி, நடத்துபவர் பங்கும் வரியும் கழித்து, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு லட்சம் சேர்ந்து இருபதாயிரம் கழிந்தால், வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து இருபதாயிரம் தோற்றே தீர வேண்டும். எந்தக் குதிரை ஜெயித்தாலும் இது மாறாது. அந்தக் கழிவும் ஏறிக்கொண்டே வந்தது. 2017 ஜூலை முதல் கட்டும் முழுத்தொகை மேலும் 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம்.

இது சூதா, திறமையா என்பது நெடுநாள் வழக்கு. கலைஞர் கருணாநிதி ஆட்சியில் 1974இல் தமிழ்நாட்டில் பந்தய ஒழிப்புச் சட்டம் வந்தது. சென்னை ஜெமினி மேம்பாலம் அருகே குதிரையை அடக்கி நிற்கும் மனிதனின் சிலை அதன் நினைவே. நீதிமன்றத் தடையால் சட்டம் செயலுக்கு வரவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986இல் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை மிகுந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்து 1986 சட்டத்தைத் தள்ளிவிட்டது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் இவற்றை எடைபோடுவது திறமை என்பது நீதிமன்றத்தின் நியாயம். ஓட்டுபவனுக்குத் திறமை வேண்டும் என்பதை யான் மறுக்கவில்லை. வரிசையில் நின்று சம்பளத்தைக் கட்டுகிறவனுக்கு எவ்வளவு திறமை என்பதுதான் என் ஐயம்.

ஆனால் பந்தயத்தை நிறுத்தியது ஒழுக்கச் சட்டம் எதுவும் அன்று. குத்தகைதான்! கிண்டியில் 160 ஏக்கர் 86 சென்ட் நிலத்தை 1945 முதல் 99 ஆண்டுக்கு ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் 13 பைசா. வகுத்துப் பார்த்தால் மாதம் 51 ரூபாய் சில்லறை. நம் சாலைக் கடைவீதியில் தராசு வைக்கும் திண்ணைக்குக்கூட அந்தக் காசு போதாது. பின்னர் உயர்த்திய வாடகையைக் கிளப் ஏற்கவில்லை, வழக்கு நீண்டது, பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு கணக்குச் சொன்னது. 2024 செப்டம்பர் 9 அன்று கிண்டித் திடலுக்குச் சீல் வைத்தார்கள். அதற்கு முன்பே, 2024 ஜூலை 5 அன்று, 822 கோடி ரூபாய் பாக்கி என்று சொல்லி உதகைத் திடலின் 52.34 ஏக்கரையும் அரசு எடுத்துக்கொண்டு தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்துவிட்டது.

பொதுநிலம் பொதுமக்களுக்குத் திரும்பியது நியாயமே. பந்தயம் பிடிக்காத எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பாக்கியைக் கணக்கிட்ட காகிதத்தில் சைஸுகள், லாடம் கட்டுபவர்கள், புல்லறுத்து விற்ற பெண்கள் ஆகியோருக்கு ஒரு வரி இருந்ததாக யான் படிக்கவில்லை. குதிரைகள் கதையும் அவ்வாறே. ஓட்டம் நின்ற குதிரைக்கு ஓய்வூதியமா உண்டு? உதகைத் தெருக்களில் கேட்பாரற்றுத் திரிந்து குப்பைத்தொட்டியில் வாய் வைக்கும் குதிரைகளைச் சுற்றுலா போன நம்மவர் பலரும் பார்த்திருப்பீர்கள்.

இனி உதகைக்குப் போகும் குடும்பத்தார் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் இடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். சுற்றிலும் மேடு, திடல் மட்டும் தட்டு. மழை வலுத்தால் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கிறது; ஏரி இருந்த பள்ளம் அல்லவா!