மழைக்கால மணவினையும் நிழற்படக் கலையும்

மணவினைக்கு நாள் குறிப்போர் நாளும் கோளும் நோக்குவர், முகிலை நோக்குவதில்லை. ஆடியும் மார்கழியும் விலக்கப்படுதலால் யாழ்ப்பாணத்து முகூர்த்தங்கள் பல ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்து அமைகின்றன. வடகீழ்ப் பருவக்காற்று இக்குடாநாட்டுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொண்டுவருவதும் அக்காலத்திலேயாம். மண்டபங்கள் மலிந்துவிட்ட இந்நாளிலும் வீட்டு முற்றத்திற் பந்தலிட்டு மணம் நடத்தும் வழக்கம் முற்றாக அற்றுப்போகவில்லை. மண்டபத்தில் நடப்பதாயினும், மாப்பிள்ளையைக் கால் கழுவி வரவேற்றல், அருந்ததி காட்டல், மணமக்கள் கோயிலுக்குச் செல்லுதல் முதலியன பெரும்பாலும் திறந்த வானத்தின் கீழேயே நிகழ்வன. இவற்றை மழையிற் படம் பிடிப்பவர் எதிர்கொள்ளும் இடர்கள், பௌதிக நூலின் சில அதிகாரங்களைச் செயலில் விளக்கிக் காட்டுவனவாயிருத்தல் நோக்கத்தக்கது.

இயற்கைக் காட்சியைப் படம் பிடிப்பவருக்கு நாளையும் ஒரு மழை உண்டு. தாலி கட்டும் கணமோ ஒருமுறையே வருவது. கெட்டிமேளம் முழங்கும் அச்சிறு பொழுதில் ஒளி போதாதென்று கண்டுகொள்வதாற் பயனில்லை. ஆகவே, வேண்டிய அறிவும் ஆயத்தமும் முன்னரே அமைந்திருத்தல் வேண்டும்.

முதற்கண் ஒளியை எடுத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் நிலத்தில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஆகும். கருமுகில் கவிந்த மழைப்பொழுதில் அது 1,000 லக்ஸ் அளவுக்குத் தாழ்வதும் உண்டு. பந்தலின் உள்ளே அதனினும் குறைவு. ஒளி நூறிலொரு பங்காகிவிட்டபோதிலும் கூடியிருப்போர் அதனைப் பெரிதாக உணர்வதில்லை. கண்மணி விரிந்தும் விழித்திரை தன்னைத் தகவமைத்தும் அக்குறையை ஈடுசெய்துவிடுகின்றன. கமராவுக்கு அவ்வியல்பு இல்லை. வில்லையின் துவாரத்தை அகலத் திறத்தல், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டல், உணரியின் உணர்திறன் எண்ணை உயர்த்தல் என்னும் மூன்று வழிகளாலேயே அது குறையை நிரப்பும். துவாரத்தை அகற்றினால் மணமகன் தெளிவாகத் தோன்ற, அருகிருக்கும் தோழன் மங்குவான். நேரத்தை நீட்டினால் அசையும் கைகள் கலங்கும். உணர்திறனை மிகுத்தாற் படம் மணல் தூவியதுபோலப் பொரிந்து தோன்றும். பிலிம் சுருள் வழங்கிய காலத்தில், கமராவில் ஏற்றிய சுருளின் வேகம் முடியும்வரை மாறாது. எண்முறைக் கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் அதனை மாற்றலாம் என்பது இக்காலத்தவர் பெற்ற பெருநன்மை. மணவினைப் படத்திற் சிறிது பொரிவு இருப்பது பிழையன்று. முகம் கலங்கியிருப்பதே பிழை.

மழைநாளில் நல்ல படம் அமையாது என்று கூறுவாருளர். அது பாதியே உண்மை. முகிற்படலம் சூரியவொளியை எத்திசையும் சிதறச் செய்து வானம் முழுவதையும் ஒரு பெரு விளக்காக்கிவிடுகின்றது. வெயிலில் மணமகளின் மூக்கின் கீழும் நெற்றிச்சுட்டியின் கீழும் விழும் கடுநிழல்கள் அப்போது இல்லை. பொன்னணிகள் கண்ணைப் பறிக்கும் வெண்புள்ளிகளாக எரிவதும் இல்லை. ஆயினும் இங்கே பலரும் கவனியாத ஒன்றுண்டு. வெண்மணல் பரப்பிய முற்றம் காய்ந்திருக்கும்போது ஒளியை மேனோக்கித் தெறித்து முகத்தின் கீழ்ப்பகுதியை விளக்கும். நனைந்த மணலோ கருமையடைகின்றது. மணலைச் சூழ்ந்த நீர்ப்படலத்துள் ஒளி மீண்டும் மீண்டும் உள்தெறிப்புற்று உறிஞ்சப்படுதலே இதற்குக் காரணம். எனவே ஒளி மேலிருந்து மட்டும் விழ, கண்குழிகள் இருண்டு, மணநாளில் மணமக்கள் துயிலிழந்தவர்போலத் தோன்றுவர். இதற்குப் பரிகாரம் எளிது. ஒருவர் ஒரு வெள்ளைத் துணியையோ வெண்பலகையையோ இடுப்பளவிற் சாய்த்துப் பிடித்தாற் போதும்.

இனி, நிறம். மழைக்கஞ்சிப் பந்தலின்மேல் விரிக்கப்படும் படங்குகள் பெரும்பாலும் நீலமாகவோ பச்சையாகவோ இருக்கின்றன. படங்கின் ஊடாக வரும் ஒளி அதன் நிறத்தைப் பூண்டு வருகின்றது. நீலவொளியிற் செந்நிறக் கூறைச்சேலை கருத்துப்போகும். முகங்கள் நோயுற்றவர் முகம்போல் வெளிறும். நடுப்பகல் வெயிலின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 5,500 கெல்வின். முகில் மூடிய வானத்தினது 6,500 கெல்வினும் அதற்கு மேலுமாம். இவ்வேறுபாட்டைக் கமராவின் வெண்மைச் சமநிலை ஒழுங்கு எளிதில் திருத்திவிடும். படங்கின் நீலமும் மணவறையின் மஞ்சள் மின்குமிழும் ஒரே முகத்தில் இரு புறமும் விழுமாயின், எந்த ஒழுங்காலும் இரண்டையும் ஒருங்கே திருத்தல் அரிது. பந்தற்காரரிடம் மணவறைக்கு மேலேயேனும் வெள்ளைப் படங்கு விரிக்குமாறு முன்னாளிற் சொல்லிவைப்பதே அறிவுடைமை. மணமக்களுக்குப் பிடிக்கும் குடைக்கும் இது பொருந்தும். கருங்குடை ஒளியை உண்ணும். செங்குடை முகத்தைச் சிவப்பாக்கும். வெண்குடை ஒளியைப் பரப்பி நல்கும்.

ஒளியை அளக்கும் கருவியும் மழைநாளிற் பிழைபடும். அது எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிடுவது. வெளிறிய வானம் படத்திற் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளுமாயின், கருவி அதனைச் சாம்பலாக்க முயன்று முகங்களை இருளாக்கிவிடும். வானத்தை விலக்கி நிற்றல், அன்றேல் ஒளியூட்டலை ஓரிரு படிகள் கூட்டல் வேண்டும்.

மழைத்துளியைப் படத்திற் காட்டுவது எங்ஙனம் என்பது சுவை மிக்க வினா. துளியைக் கண்ணீர் வடிவில் வரைவது ஓவியர் வழக்கமேயன்றி உண்மையன்று. சிறு துளி கோளவடிவினது; பெருந்துளி காற்றின் தடையால் அடி தட்டையாகி அப்பத்தை ஒத்திருக்கும். 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளி செக்கனுக்கு ஏறத்தாழ 6.5 மீற்றர் வேகத்தில் விழுகின்றது. ஷட்டர் ஒரு செக்கனில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பின், அதற்குள் துளி 11 சென்ரிமீற்றர் அளவு கடந்து நீண்ட கோடாகப் பதியும். 1,000இல் ஒரு பங்கு நேரமாயின் கோட்டின் நீளம் 6.5 மில்லிமீற்றரே. மழை பெய்வதாக உணர்த்துவது கோடே. துளிகளாக உறைந்த மழை கண்ணாடியிற் படிந்த அழுக்குப்போலத் தோன்றுவதும் உண்டு. எவ்வாறாயினும் வெளிறிய வானத்தின் முன்னே மழை புலப்படாது. படலைக்கப்பால் நிற்கும் வேம்பின் இருளோ, கருநிழல் சூழ்ந்த வேலியோ பின்னணியாதல் வேண்டும்.

பிளாஷ் எனப்படும் மின்னொளி விளக்கைப் பற்றி ஈண்டு விரித்துக் கூறுதல் தகும். 1930களில் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரோல்ட் எட்ஜேட்டன் மின்னொளித் துடிப்புகளைக் கொண்டு விரைந்த இயக்கங்களைப் படம்பிடிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். பாற்பரப்பில் விழும் ஒரு துளி முடிபோல எழுவதைக் காட்டும் அவரது 1957ஆம் ஆண்டு வண்ணப்படம் பலரும் அறிந்தது. அவ்விளக்கே இன்று ஒவ்வொரு கமராவின் தலையிலும் அமர்ந்திருக்கின்றது. மழையில் அதனை அவ்விடத்திலேயே வைத்து ஒளிரவிடுதல் பெருந்தவறாகும். ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதத்திற் குறைவது. மணமக்கள் 4 மீற்றர் தூரத்தில் நிற்க, கமராவுக்கு முன் அரை மீற்றரில் ஒரு துளி விழுமாயின், அத்துளிமேற் படும் ஒளி மணமக்கள்மேற் படுவதிலும் 64 மடங்கு செறிந்தது. அதனாலேயே இத்தகைய படங்களில் முகங்களின்மேல் வெண்வட்டங்கள் மிதக்கின்றன. அவற்றை ஆவியுருவென்று கருதி அஞ்சியவரும் உளர். விளக்கைப் பிரித்தெடுத்து மணமக்களின் பின்னே மறைவாக வைத்து ஒளிரச் செய்தால், துளிகள் ஒளியை முறித்துக் கமராவை நோக்கி அனுப்பும். ஒவ்வொரு துளியும் முத்தாக ஒளிரும். அவ்விளக்கை ஒரு பொலித்தீன் பையாற் கட்டி மூடுதல் மறக்கத்தக்கதன்று.

கமராவுக்கு வெளியிலிருந்து வரும் நீரிலும், காற்றிலிருந்து ஒடுங்கும் நீரே மிகுந்த தொல்லை தருவது. வெப்பநிலை 28 பாகை செல்சியஸும் சாரீரப்பதன் நூற்றுக்கு 85உம் ஆயின், பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகையாகும். குளிரூட்டிய காரிலிருந்து 22 பாகைக் குளிர்ச்சியோடு இறக்கப்படும் கமராவின் வில்லையில் உடனே நீர் ஒடுங்கிப் படலமாகும். மாப்பிள்ளை படலையில் வந்து நிற்க, படம்பிடிப்பவர் வில்லையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் காட்சி இதனால் விளைவது. துடைக்கத் துடைக்க அது மீண்டும் படியும். கமராவைக் காற்றுப்புகாப் பையில் இட்டு, வெளி வெப்பநிலையை அடையும்வரை, அரை மணி நேரமளவு, பையைத் திறவாது வைத்தல் வேண்டும்; நீர் பையின் புறத்தே ஒடுங்கும்.

மணமனையில் மின்விளக்குக் கம்பிகள் நனைந்த நிலத்திற் கிடப்பதைக் காண்கிறோம். விளக்குத்தாங்கியைத் தொடும் உதவியாளர் பெரும்பாலும் வெறுங்காலோடு நிற்கும் இளைஞர். மண்ணொழுக்குக் கண்டால் மின்னைத் துண்டிக்கும் ஆளி அவ்வீட்டில் உண்டா என முதலிற் கேட்டறிதல் படத்திலும் முந்திய கடமை. இடி கேட்குமாயின் முற்றத்தில் உலோகத் தாங்கி எதனையும் நிறுத்தலாகாது.

அருந்ததி காட்டும்போது வானில் விண்மீன் தோன்றாதிருத்தல் பகல் முகூர்த்தங்களில் வழமையே. மழைநாளிற் குருக்கள் காட்டிய திசையில் மணமக்கள் முகிலையே நோக்கி நிற்பர். அவ்வேளை படம்பிடிப்பவர் நிலமட்டத்திற்குத் தாழ்ந்து, முற்றத்திற் தேங்கிய நீரில் தோன்றும் அவர்தம் விம்பத்தையும் சேர்த்து எடுப்பாராயின், வெயில்நாளிற் கிட்டாத ஒரு படம் கிட்டும். வானத்துத் துளி நீரைக் கலக்காத இடைவெளிக்காகச் சில செக்கன் காத்திருத்தல் வேண்டும்; குருக்களை மீண்டும் காட்டும்படி கேட்டல் தகாது. கிரியை படத்துக்காக நிகழ்வதன்று.

வீடு திரும்பியதும் கமராவை நனைந்த பையிலேயே விட்டு உறங்குவோர் பலர். ஈரமும் இருளும் வில்லையின் உட்புறத்திற் பூஞ்சணம் வளர ஏற்றவை; அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்காச் செல் இட்ட மூடிய பெட்டியில் வைத்தல் நன்று. படங்கள் பதிந்த அட்டையை அன்றிரவே இரண்டு இடங்களிற் படியெடுத்து வைத்த பின்னரே மறுநாட் பணிக்குக் கமராவைத் திறத்தல் வேண்டும்.