தோட்டத்துத் தரைக்கு என்ன கல்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம். பின்பக்கத் தோட்டத்தில் நாலு நாற்காலி போட்டு உட்கார ஒரு தளம் வேண்டும் என்கிறீர்கள். அந்த டைல்ஸ் படப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வையுங்கள். நிறத்தைக் கடைசியில் பார்ப்போம். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியுமா? ஐப்பசி மழையில் வழுக்காமல் நடக்க முடியுமா? இதற்கு வழி இல்லாத கல் எத்தனை அழகாக இருந்தாலும் வெட்டவெளிக்கு ஆகாது.

வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் முதல் மழையிலேயே ஆளைக் கீழே தள்ளும். ஆத்தங்குடிக் கல்லும் வேண்டாம். கண்ணாடிமேல் வார்த்தெடுக்கும் அந்தப் பளபளப்பு கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் உரியது. கடப்பாக்கல் நன்றாக உழைக்கும். ஆனால் கறுப்பு, மத்தியானத்தில் கொதிக்கும். அது சுண்ணாம்புக்கல் இனம் என்பதால் எலுமிச்சைச் சாறு சிந்தினால் தடம் விழுந்துவிடும். கோட்டா, தாண்டூர் கற்களும் அதே இனம்தான். வெளிர் நிறமாகப் பார்த்து, பாலிஷ் போடாமல் வாங்கினால் அவற்றைத் தாராளமாகப் போடலாம்.

கூடக் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ஃப்ளேம்டு கிரானைட். கல்லின் முகத்தில் தீயைக் காட்டும்போது மேலுள்ள மணிகள் வெடித்துத் தெறித்து, தானாகவே சொரசொரப்பு வந்துவிடும். காலுக்கு நல்ல பிடிமானம். பேவர் பிளாக் என்றால், நடக்கவும் உட்காரவும் 60 மி.மீ. கனம் போதும். கார் ஏறும் என்றால் 80 மி.மீ. கேளுங்கள்.

எதை வாங்கினாலும், அடியில் என்ன போடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தளம் அங்கங்கே உள்வாங்குவதற்குக் கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை; அநேகமாக இறுகாத மண்தான் காரணம். மேல்மண்ணை எடுத்துவிட்டு, ஜல்லி பரப்பி, தண்ணீர் விட்டுத் திமிசு போடச் சொல்லுங்கள். அதன்மேல் ஒன்றரை அங்குலம் மணல், பிறகு கல். பேவர் பிளாக்குக்குச் சுற்றிலும் கெர்ப் கல்லை சிமென்ட்டில் ஊன்றாவிட்டால் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக விலகும். மேஸ்திரிகள் பலர் இதைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள்.

அடுத்தது வாட்டம். 10 அடிக்கு 2 அங்குலம், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக இறங்க வேண்டும். வேலை முடிந்ததும் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள். இடுக்குகளை சிமென்ட் பால் ஊற்றி அடைக்க விடாதீர்கள். மணல் போட்டுப் பெருக்கிவிட்டால் மழைத்தண்ணீர் கொஞ்சமாவது உள்ளே இறங்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பை 2003இல் கட்டாயமாக்கினார்கள். ஒரு மூலையில் தொட்டி வைத்துக்கொண்டு மற்ற இடமெல்லாம் தரையை மூடுவது என்ன நியாயமோ! மாமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். வேருக்கும் தண்ணீர் வேண்டும், வேர் பருத்தால் கல்லும் கிளம்பும்.

என்னைக் கேட்டால், உட்காரும் இடத்துக்கு மட்டும் வெளிர் சாம்பல் ஃப்ளேம்டு கிரானைட் போட்டு, மற்றதை மண்ணாகவே விடுவேன். கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். உச்சிவெயிலில் வைத்து மிதித்துப் பாருங்கள், பிறகு நனைத்தும் மிதியுங்கள். பிடித்திருந்தால் நூற்றுக்குப் பத்து கூடுதலாகவே வாங்கிவிடுங்கள்; அடுத்த லோடில் அதே நிறம் கிடைக்காது.