காருக்குள் ஒலி – 9: கெயின் வேறு, வால்யூம் வேறு

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு அத்திபெலே சுங்கச்சாவடி பழகிய இடம். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வேகமாக வரும்போது டயர் இரைச்சலும் காற்றும் மூடிவைத்த குறைகளெல்லாம், வண்டி ஊர்ந்து நிற்கும் இந்த வரிசையில்தான் காதுக்கு வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு மெல்லிய பாட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாட்டுக்கு அடியில் 'ஙொய்' என்று ஒரு முனகல் கேட்கிறதா? ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததும் அதன் சுருதியும் ஏறுகிறதா? அது ஆல்டர்னேட்டரின் சத்தம்.

உடனே ஆம்பை மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி, கடையில் பாதிக்கு மேல் திருகிவிட்ட கெயின்தான். கெயின் என்பது சத்தத்தைக் கூட்டும் திருகு அல்ல. ஹெட் யூனிட் எத்தனை வோல்ட் அனுப்புகிறதோ அதற்கு ஆம்பைப் பொருத்திவைக்கும் திருகு. சிக்னல் மெலிந்து வந்தால் கெயினை ஏற்றியாக வேண்டும். ஏற்றினால், டேஷ்போர்டிலிருந்து டிக்கி வரை ஓடும் ஆர்சிஏ வயரில் வழியில் புகுந்த இரைச்சலும் கூடவே பெருகும்.

லைன் டிரைவர் உதவுவது இங்கேதான். ஹெட் யூனிட்டின் 2 வோல்ட்டை அது 8 வோல்ட்டாக்குகிறது என்று வையுங்கள். வயரில் புகும் இரைச்சல் 1 மில்லிவோல்ட் என்றால், முன்பு பாட்டு அதைப்போல் 2000 மடங்கு. இப்போது 8000 மடங்கு. 12 டெசிபல் லாபம். ஆம்பின் கெயினை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடலாம். ஆனால் லைன் டிரைவரை ஹெட் யூனிட்டுக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். டிக்கியில் ஆம்புக்கு அருகே மாட்டினால், வழியில் புகுந்த இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்கும். ஹெட் யூனிட்டிலேயே பிறக்கும் இரைச்சலுக்கும் இது மருந்தல்ல. ஆம்ப் அதிகபட்சம் 4 வோல்ட்தான் வாங்கும் என்றால், 8 வோல்ட் அனுப்புவது வீண்; ஒலி கிழியும்.

என்னைக் கேட்டால், லைன் டிரைவருக்குச் செலவு செய்யும் முன் எர்த்தைப் பாருங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில், குட்டையான தடித்த வயரால் எர்த் கொடுங்கள். பவர் வயர் வண்டியின் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம். பல வண்டிகளில் முனகல் இதோடு நின்றுவிடும்.

கெயின் வைக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், ஃபில்டர் எல்லாம் ஆஃப். பாஸ் பூஸ்ட் 6 டெசிபல் ஏறினாலே ஆம்ப் நான்கு மடங்கு பவர் தர வேண்டியிருக்கும். ஆம்பின் கெயினை அடிமட்டத்தில் வைத்து, ஹெட் யூனிட்டை முக்கால் வால்யூமில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓட விடுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் அந்த அதிர்வெண்ணில்தான் நம்பகமாக அளக்கும். லைன் டிரைவர் இருந்தால் முதலில் அதை, ஆம்ப் வாங்கும் அளவைத் தாண்டாமல் வையுங்கள். பிறகு ஆம்ப். பவரை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 100 வாட், 4 ஓம் என்றால் 20 வோல்ட். மீட்டர் ஏசியில் 20 காட்டியதும் கையை எடுத்துவிடுங்கள்.

அதற்கு மேல் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்படும். அதே உச்சமுள்ள சைன் அலையைப்போல் சதுர அலைக்கு இரண்டு மடங்கு பவர். முதலில் கருகுவது ட்வீட்டரின் மெல்லிய காயில்.

ஹெட் யூனிட்டை மாற்றினால் இதையெல்லாம் முதலிலிருந்து செய்யுங்கள். புதியது 4 வோல்ட் தருவதென்றால் லைன் டிரைவரே தேவைப்படாமல் போகலாம்.

(தொடரும்)