எல்லை தாண்டிய இரு ஒளிகள்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் இரவுகளில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர்ப் பக்கத்திலும் வடக்கு வானில் ஒரு தீச்சுடர் ஏறுவதைக் காணலாம். விஷயம் அறிந்தவர்க்கு அது நமது விஞ்ஞானிகளின் வெற்றி, அறியாதவர்க்கோ திகில். மொட்டை மாடியில் நின்று பார்ப்பவர் தவறாக எண்ணினால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால், பார்ப்பவர் கையில் துப்பாக்கியும் எதிரே அந்நியப் பட்டாளமும் இருந்தால்?

லடாக்கில் பாங்காங் ஏரிக்கு அருகே, சுமார் 14,000 அடி உயரத்தில், தாகுங் என்னும் இராணுவக் காவலிடம் இருக்கிறது. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை நம் ஜவான்கள் அங்கே மர்ம ஒளிகளை 329 தடவை கண்டதாகக் குறித்தார்கள். அவற்றுள் 155 தடவை அவை எல்லைக் கோட்டைத் தாண்டி வந்ததாகவும் எழுதினார்கள். சீனர் அனுப்பும் ஆளில்லாத வேவு விமானங்களோ என்ற சந்தேகம் எழுந்தது. 2013 ஏப்ரலில் தெப்சாங் சமவெளியில் சீனர் கூடாரமடிக்க, சுமார் மூன்று வாரம் இரு படைகளும் எதிரெதிரே நின்றன என்பதை நினைத்தால், அச்சந்தேகத்தின் அபாயம் விளங்கும்.

இராணுவம் பதறவில்லை, பரிகசித்து ஒதுக்கவுமில்லை. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரின் உதவியை நாடியது. ஓர் ஒளி மாலை 6 மணிக்குத் தோன்றி விடியற்காலை 5 மணி வரை தெரிந்தது. மற்றொன்று 4 மணிக்கு எழுந்து முற்பகல் 11 மணிக்கு மங்கியது. அவை நட்சத்திரங்களோடு எவ்வாறு நகர்ந்தன என்பதை ஆராய்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. முன்னது வியாழன், பின்னது சுக்கிரன்! தூசியற்ற மலைக் காற்றில் இரண்டும் அத்தனை பிரகாசமாய்த் தெரிந்தன.

தேவகுருவும் அசுரகுருவும் கூடி எல்லை மீறினார்கள் என்று நகைக்கத் தோன்றுகிறதல்லவா? ஆனால், அந்த ஜவான்கள் குளிரில் நின்று நேரத்தையும் திசையையும் ஒழுங்காகக் குறித்திராவிட்டால், விஞ்ஞானிகளாலும் உண்மையைக் கண்டிருக்க முடியாது.

கண்ட ஒளியெல்லாம் கிரகம் என்று அலட்சியமாக இருப்பதும் தவறே. 2023 நவம்பர் 19-ம் தேதி இம்பால் விமான நிலையத்தருகே ஏதோ பறப்பதாகத் தகவல் வந்ததும் விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. விமானப்படை உடனே வான்காப்பு நடவடிக்கையில் இறங்கியது. அப்பொருள் பின்னர் தென்படவில்லை என்பதையும் அது ஒளிக்காமல் அறிவித்தது. அமெரிக்க விமானப்படையோ 1947 முதல் 1969 வரை வந்த 12,618 தகவல்களில் 701 இன்னதென்று தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டது. தெரியாதது என்றால் வேற்றுலகத்தார் விஜயம் என்று பொருளன்று. தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைப்பதும் காவலின் கடமையே.

வியாழனும் சுக்கிரனும் எந்தத் திசையில் உதிக்கின்றன என்பதை நம் குழந்தைகளுக்கு இன்றே காட்டிக் கொடுப்போமாக. நாளை அவர்களில் ஒருவர் எல்லையில் காவல் நிற்கக் கூடும்.