கந்தோரும் வைத்தியசாலைக் கட்டிலும்

தாயார் வைத்தியசாலைக் கட்டிலில். நாமோ கந்தோர் மேசையில். இந்நிலையில் நம்மவர் பலர் முதல் வாரத்திலேயே விடுமுறை அனைத்தையும் எடுத்து, உள்ளே செல்ல அனுமதியுமின்றி, விடுதி வாசலிற் காத்து நிற்கின்றனர்.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, இலங்கையில் ஓராண்டு சேவை முடித்த தனியார் கந்தோர் ஊழியருக்குச் சொந்தத் தேவைக்கான விடுமுறை ஆண்டுக்கு 7 நாட்களே. வருடாந்த விடுமுறை 14 நாட்கள். சத்திரசிகிச்சை நாளுக்கு ஒன்றை ஒதுக்கி, எஞ்சியதை நோயாளி வீடு திரும்பும் நாட்களுக்கு வைத்திருத்தலே நன்று. விடுதியிலே தாதியர் உளர். வீட்டிலே வேளை தவறாது மருந்து கொடுக்கவும், கைபிடித்து நடத்தவும் நம்மையன்றி யார் உளர்?

அதுவரை மாலைப் பார்வை நேரம் நமதாகட்டும். மதியச் சோற்றைச் சின்னம்மாவோ மைத்துனரோ கொண்டு செல்லட்டும். திராட்சைப் பழப் பொட்டலத்துடன் நலம் விசாரிக்க வரும் உறவினரிடம் இவ்வுதவியைக் கேட்க ஏன் கூச வேண்டும்? வைத்தியரிடம் வினவ வேண்டியவற்றை ஒரு கடதாசியில் எழுதி, பகலிற் செல்பவர் கையிற் கொடுத்தனுப்புவோம்.